போங்க என்று ஒரு வார்த்தை

நாற்பத்தேழு மாடிக் கட்டடம் ஒன்றை, பதினோராயிரம் பேர் உள்ளே இருக்கும்போதே, ஒரே ஒரு வார்த்தையை வைத்து நிறுத்திக் காட்டியவன் நான். லிஃப்டுகள் அந்தரத்தில் நின்றன. காபி இயந்திரம் அரைக் கோப்பையோடு மூச்சை அடக்கியது. குழாயில் வந்துகொண்டிருந்த சிறுவாணித் தண்ணீர்கூடக் கொஞ்சம் யோசித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

குரலொப்பத் துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். யாருடைய கையெழுத்தையும் யாரும் போடலாம் என்று ஆகிவிட்ட பிறகு, கோவையில் எல்லாவற்றுக்கும் குரல்தான் ஒப்பம். காலையில் பால் பெட்டியிடம் "எடுத்துக்கறேன்" என்றால்தான் திறக்கும். பஸ்ஸில் "ஏறுறேன்" என்றால்தான் படி இறங்கும். சுவருக்குச் சுவர் செவிப்பொறி. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஒரு துளி புரியாது.

என் கீழ்வீட்டுப் பூங்கோதை பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர். நீள்வான் நிறுவனத்தில் ஒன்பது வருடம் இருந்தாள். போன ஆடியில், சோதித்தே பார்க்காத ஒரு பாலத்துக்குச் "சரி" என்று குரல் கொடுக்கச் சொன்னார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் ஓர் அறையில் உட்கார வைத்து, நீயாக விலகுகிறாயா, இல்லை தகுதியில்லாதவள் என்று எழுதட்டுமா என்று மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் "விலகுகிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னவளுக்கு விடுகைச் சீட்டு வர வேண்டுமல்லவா? நாலு மாதமாக வரவில்லை. அந்தச் சீட்டு இல்லாமல் வேறெந்த அலுவலகக் கதவும் திறக்காது. ஈரோட்டில் ஒரு வேலை காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேரவில்லையென்றால் அது வேறொருவருக்கு. திங்கட்கிழமைதோறும் நீள்வானுக்குப் போவாள், வெறுங்கையோடு திரும்புவாள். காரணம் கேட்டால், செவிப்பொறியில் அவள் நிலை "திரும்பி வருவார்" என்று இருக்கிறதாம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்களாம்.

எனக்குப் பொறி தட்டியது. "அன்னைக்கு விலகுறேன்னு சொல்லிட்டு, கடைசியா என்னம்மா சொன்னே?"

"ஒண்ணுமில்ல மாமா. சரி, வரேன்னு சொன்னேன்."

"ஒவ்வொரு திங்களும் கிளம்பும்போது?"

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பதினேழு திங்கள். பதினேழு "வரேன்". வேறு எந்த ஊர் மனுஷி வேலையை விட்டுப் போகும்போதும் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போவாள்?

எனக்கு வந்த கோபத்தில் அவிநாசி சாலை வெந்திருக்க வேண்டும். இந்த விஷயம் நீள்வான்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர்களும் தமிழர்கள்தானே.

வியாழக்கிழமை இருவரும் போனோம். ஆள் நிர்வாக அதிகாரி அருள்நேசன், இஸ்திரி போட்ட சிரிப்போடு வரவேற்றார். பூங்கோதையை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றார். அப்படி ஒன்று இந்தக் கட்டடத்தில் நடக்கவே நடக்காது என்றார். அறையாவது, இரண்டு நாளாவது, மேடம் ஏதோ மனவருத்தத்தில் பேசுகிறார் என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் வீட்டில் "போறேன்" என்ற வார்த்தையை வாசலில் நின்று யாரும் சொன்னதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு செவிப்பொறியின் முன் நின்றாள்.

"நான் போறேன். வரமாட்டேன்."

பொறி பச்சை காட்டியது. நிறுவனத்தின் மறுமொழியைக் கேட்டது. அருள்நேசன் தலையாட்டியபடி, "போயிட்டு வாங்க மேடம்" என்றார். பச்சை அணைந்தது. திரும்பி வர அழைப்பு விடுக்கப்பட்டதாகப் பதிந்துகொண்டது பொறி.

"அந்த 'வாங்க'வை விட்டுட்டுச் சொல்லுங்க சார்," என்றேன்.

"அது எப்படி சார், ஒரு பெண்ணைப் பார்த்து மூஞ்சிக்கு நேரா போங்கன்னு சொல்றது? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல."

இரண்டு நாள் அடைத்து வைத்தபோது அந்த மரியாதை எந்த மாடியில் சாப்பிடப் போயிருந்தது என்று கேட்டேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அருள்நேசனுக்குக் காது சிவந்தது. எங்களைச் சீக்கிரம் கிளப்பினால் போதும் என்றாகிவிட்டது.

"போங்க," என்றார்.

இதற்குத்தான் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன் போலிருக்கிறது. "போயிட்டு வாங்க" என்பது வழியனுப்பு. "போங்க" என்பது ஏவல். தானாக விலகுவதாக ஒரு குரலொப்பம், போகச் சொன்னதாக இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளைப் பற்றி. முரண் தீரும்வரை அந்தக் கட்டடத்தில் வேறெந்தக் குரலும் செல்லாது என்பது சட்டம். பதிமூன்றாம் பிரிவு. எழுதும்போது மேசைக்கு இந்தப் பக்கம் நானும் இருந்தேன்.

லிஃப்டுகள் நின்றது அப்போதுதான். கதவுகள் மூடியபடி இருந்தன. இருபதாம் மாடியில் யாரோ "திற, திற" என்று கெஞ்சுவது லிஃப்ட் குழல் வழியாகக் கேட்டது.

செவிப்பொறி, பாவம், கோபமே இல்லாமல் கேட்டது: பூங்கோதையை நிறுவனம் போகச் சொன்னதா?

ஆம் என்றால் சீட்டு வரும், விலக்கப்பட்டவர் என்று, காரணத்தோடு. அந்தப் பாலமும் கூடவே வெளியே வரும். இல்லை என்றால், தான் இப்போது சொன்னதையே அவர் பொய் என்று குரலொப்பமிட வேண்டும். ஒன்றரை மணி நேரம் அருள்நேசன் மேலதிகாரிகளுக்குத் தொலைபேசப் பார்த்தார். தொலைபேசியும் குரலொப்பம் கேட்டது.

பூங்கோதை நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "அன்னைக்கு நான் ரெண்டு நாள் உட்கார்ந்தேன் சார். நீங்க நிதானமா யோசிங்க."

அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். கண்ணாடிக்கு அப்பாலிருந்த முகங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பொறியிடம் அல்ல, அவளிடமே சொன்னார்.

"நடந்தது மேடம். நாங்கதான் போகச் சொன்னோம்."