கத்தி நம்பர் 0731!

செல்போன் அலறியது.

சிவசங்கரி எடுத்தாள்.

"கத்தி விஷயமாங்க? ஃபைனல் ரேட்டு பதினெட்டாயிரம். அஞ்சு பைசா குறையாது."

மறுமுனையில் ஒரு கரகரத்த குரல்...

"அந்தக் கத்தியால ஒரு கொலை நடந்திருக்குது!"

கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்தது. பாதி டீ தரைக்கு... மீதி புடவைக்கு!

"யா... யாருங்க பேசுறது?"

"இன்ஸ்பெக்டர் தங்கராசு. ஸ்பெஷல் டீம். சென்னையில ஒரு நகைக்கடைக்காரர். வயித்துல மூணு குத்து. ஆளு ஸ்பாட்லயே காலி! குத்தின கத்தியை ஆறு மாசமா நாங்க தேடுறோம். நீங்க என்னடான்னா போட்டோ போட்டு விளம்பரம் பண்றீங்க!"

"சார்... நான் பழைய சாமான் வாங்கி விக்கிறவ சார்... எனக்கு ஒண்ணும் தெரியாது சார்!"

"கத்தியை மடக்குற இடத்துல பாருங்க. செவப்பா ஏதாச்சும் ஒட்டியிருக்குதா?"

அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

இருந்தது! திட்டுத் திட்டாக... காய்ந்துபோய்...

"இ... இருக்குதுங்க..."

"ரத்தம்! குத்தினவன் வூட்டுல கத்தியோட பில்லு சிக்கிருச்சு. நம்பர் ஜீரோ ஏழு மூணு ஒண்ணு. ஸ்டேஷன் படி ஏறினா உங்க பேரு கெட்டுடும். பொம்பளையாச்சேன்னு சொல்றேன். இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு செராமிக் தொழிற்பேட்டை எதிர்ல இருக்கிற டீக்கடைக்கு வாங்க. கத்தியைக் கொடுத்துட்டுப் போயிட்டே இருங்க. புருஷன்கிட்ட கூட மூச்சு விடக் கூடாது!"

லைன் கட்டாயிற்று.

அடுத்த நொடி சிவசங்கரி புருஷன்காரனை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க! எழுந்திருங்க! நான் ஜெயிலுக்குப் போகப் போறேன்!"

ஆனந்தராஜ், பீங்கான் கம்பெனிச் சூளையில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவன். ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"எத்தினி மணிக்கு?"

"அய்யோ... விளையாடாதீங்க!"

ஒன்பது வருஷம் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் மின்சார ஃபியூஸ் கேரியர்களை அட்டைப் பெட்டியில் அடுக்கியவள் சிவசங்கரி. இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, வாசல் அறையிலேயே பழைய சாமான் வியாபாரம் ஆரம்பித்தாள். மிக்ஸி, சைக்கிள், டி.வி... எல்லாம் போட்டோ எடுத்துப் போட்டால் ஆன்லைனில் போய்விடும். போலீஸ், கேஸ் என்று ஒரு தடவை பேர் அடிபட்டால் போதும். அப்புறம் அவளிடம் ஒரு கரண்டி கூட யாரும் வாங்க மாட்டார்கள்!

கத்தி வந்தது போன வாரம்தான். துபாயில் பதினாலு வருஷம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிய மங்கலம்பேட்டை ஜாபர் பாய், அவளிடமிருந்து ஒரு வாஷிங் மெஷினை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இதை நீட்டினார். மடக்குக் கத்தி. டைட்டானியம் பிடி. அமெரிக்கச் சரக்கு. கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால்... 'டிக்!' பிளேடு பளிச்சென்று வெளியே நிற்கும். புதுசு முப்பதாயிரத்துக்கு மேல் என்று நெட்டில் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றிவிட்டது.

இப்போது மறுபடி சுற்றியது.

ஆனந்தராஜ் கத்தியை வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்தான். நகத்தால் சுரண்டினான். முகர்ந்தான். அப்புறம்... நாக்கில் வைத்துவிட்டான்!

"அடப் பாவி மனுஷா! ரத்தம்!"

"இனிக்குதுடி."

"என்னது?"

"பேரீச்சம்பழம்! துபாய் ஆளு கத்தியில வேற என்ன இருக்கும்?"

அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. பாதிதான்.

"நம்பர் சொன்னாருங்களே. பூஜ்யம் ஏழு மூணு ஒண்ணு..."

ஆனந்தராஜ் பிளேடின் அடியில் பொடி எழுத்தைப் பார்த்தான்.

"பூஜ்யம் ஏழு மூணு ஏழுன்னுல்ல இருக்குது!"

"அப்ப... அது வேற கத்திங்க! நாம தப்பிச்சோம்!"

சிரிக்கப் போனவள் சட்டென்று நின்றாள்.

0731...

இந்த நம்பரை அவள் பார்த்திருக்கிறாள். எங்கே?

பரபரவென்று போனைத் தடவினாள். விளம்பரத்துக்குப் போட்ட போட்டோவைப் பெரிசாக்கினாள்.

அங்கே இருந்தது!

முன்பு ஒருத்தன் அவள் விற்கப் போட்ட ஒரு கேமராவின் போட்டோவை நம்பரோடு திருடி, தன்னுடையது என்று நாலு பேரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டான். அன்றிலிருந்து எந்தச் சாமான் போட்டோவிலும், திருடினால் தெரியட்டும் என்று நம்பரின் கடைசி எண்ணை மட்டும் போனிலேயே அவள் மாற்றிவிடுவது வழக்கம்!

"ஏங்க... ஏழுங்கிறதை ஒண்ணா மாத்தினது நான்தாங்க! இந்த நம்பரு உலகத்துல என் போட்டோவுல மட்டும்தான் இருக்குது!"

"அப்ப அவன் பார்த்தது பில்லை இல்ல..."

"என் விளம்பரத்தை! செவப்புக் கறையும் அதுல தெரியுதுங்க!"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. சிவசங்கரி நிஜப் போலீஸுக்கே போன் போட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சேரன் பொறுமையாகக் கேட்டார்.

"கத்தியோட போங்கம்மா. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க. எங்க ஆளுங்க வந்துடுவாங்க. உங்க வூட்டுக்காரரு வேணாம். ரெண்டு பேரா போனா அவன் உஷாராயிடுவான்."

மாலை நாலு.

டீக்கடை பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி, ஒட்ட வெட்டிய முடி, பிரவுன் ஷூவோடு அவன்!

சிவசங்கரி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜீப் இல்லை. ஆனால் எதிர் பெஞ்சில் ஒரு பெண்மணி. காக்கி பேன்ட். கறுப்பு ஷூ. யூனிஃபார்ம் தெரியாதபடி மேலே ஒரு ஆம்பளைச் சட்டை!

'வந்துட்டாங்க!'

லேசாகத் தலையசைத்தாள். அந்தப் பெண்மணியும் தலையசைத்தாள்.

போதும். தைரியம் வந்துவிட்டது.

"இந்தாங்க சார் கத்தி."

'டிக்!'

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே பல்லெல்லாம் தெரிந்தது.

"இதேதான்! கொலைகாரக் கத்தி!"

"ஒரு ரசீது கொடுத்துட்டுப் போங்க சார்."

"கொலை கேசுல ரசீதா? உன்னை அக்யூஸ்ட்டா சேர்க்கட்டுமா?"

கத்தியை மடக்கினான். பாக்கெட்டில் போட்டான். எழுந்தான்!

எதிர் பெஞ்ச் பெண்மணியோ பஜ்ஜியைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் பைக் சாவியை எடுத்தான். சிவசங்கரியால் இனிமேல் பொறுக்க முடியாது!

"மேடம்! இவன்தான் மேடம்! போலி போலீஸு! கத்தியைத் தூக்கிட்டுப் போறான்!"

பெண்மணி திரும்பினாள். மிச்ச பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள்... எழுந்தாள்... எழுந்துகொண்டே இருந்தாள். ஆறடி!

"டேய். உக்காரு."

உட்கார்ந்துவிட்டான்!

"பாக்கெட்டுல இருக்கிறதை எடுத்து வையி."

வைத்தான்.

"பேரு?"

"க... கலியமூர்த்தி, மேடம்..."

"எந்த ஊரு? எதுக்கு வந்த? இதுக்கு முன்னாடி எங்கெங்க போன? எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடு."

டீ மாஸ்டர் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கலியமூர்த்தி மளமளவென்று எழுதினான். பண்ருட்டியில் ஒரு வாட்ச். நெய்வேலியில் ஒரு கேமரா. கள்ளக்குறிச்சியில் ஒரு லேப்டாப். எல்லாமே 'கொலை கேசு'! தாள் போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கினான்.

நாலு இருபத்தைந்துக்கு ஜீப் வந்து நின்றது. சேரன் குதித்து இறங்கினார்.

"ஸாரிம்மா. ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டோம்."

"பரவாயில்லைங்க சார். அதான் உங்க மேடம் முன்னாடியே வந்துட்டாங்களே!"

சேரன் விழித்தார்.

"எந்த மேடம்?"

டீக்கடையே அந்தப் பெண்மணியைத் திரும்பிப் பார்த்தது!

பெண்மணி மேல்சட்டையை விலக்கினாள். உள்ளே ஏதோ ஒரு கம்பெனி பேட்ஜ்.

"வீரம்மாள்ங்க. இந்தப் பேட்டையில பீங்கான் கம்பெனி செக்யூரிட்டி. டூட்டி முடிஞ்சுது... பஜ்ஜி சாப்பிட வந்தேன்."

சிவசங்கரி தலையில் அடித்துக்கொண்டாள். இவளை நம்பியா கத்தியைத் தூக்கிக் கொடுத்தேன்!

"தலையாட்டுனீங்களே..."

"நீங்க ஆட்டுனீங்க. மரியாதைக்கு நானும் ஆட்டுனேன்."

கலியமூர்த்தி அலறினான்.

"சார்! போலீஸ்னு சொல்லி என்னை ஏமாத்திட்டா சார்!"

"யோவ்! போலீஸ்னு நான் எப்பய்யா சொன்னேன்? கேட்டுக்கு வர்ற லாரிக்காரங்களையெல்லாம் டெய்லி இப்படித்தான் உக்கார வெச்சுப் பேரு, ஊரு எழுதி வாங்குறேன். ஒருத்தனும் இவ்ளோ எழுதினதில்ல!"

டீக்கடை வெடித்துச் சிரித்தது. கான்ஸ்டபிள்கள் கலியமூர்த்தியை ஜீப்பில் ஏற்றினார்கள். சேரன் கத்தியை எடுத்துப் பார்த்தார்.

'டிக்!'

முகம் மலர்ந்தது. மறுபடியும் 'டிக்!'

"சும்மா சொல்லக் கூடாதும்மா. சூப்பரா இருக்குது! கேஸு முடிஞ்சு கத்தி உங்க கைக்கு வந்ததும் நானே வாங்கிக்கிறேன். எனக்கு என்ன ரேட்டு போடுவீங்க?"

சிவசங்கரி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரேட்டு கிடக்கட்டும் சார்... மொதல்ல உங்க ஐ.டி. கார்டை எடுங்க!"