மூன்றே முக்கால் யூனிட்

காலை ஆறு மணிக்கு ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தார். பல் துலக்குவதற்கு முன்னால், படுத்தபடியே, தம் வீட்டிலிருந்த நாற்பத்தாறு சாதனங்களையும் வரிசையாக விசாரித்தார்.

"கிரைண்டரே, அணைஞ்சிருக்கியா?"

"அணைந்திருக்கிறேன், ஐயா."

"துவைப்பான்?"

"நேற்று மாலை ஐந்து மணியிலிருந்தே அணைந்திருக்கிறேன், ஐயா."

"புழுதித் துடைப்பான்?"

இது வாசலில் நின்று, வருகிறவர்களின் செருப்பிலிருந்து செவ்வாய்ப் புழுதியைத் துடைத்துவிடும் முழங்கால் உயர இயந்திரம். கொஞ்சம் ரோஷக்காரன். "சத்தியமாக அணைந்திருக்கிறேன், ஐயா" என்றது.

இத்தனை விசாரணைக்கும் ஆவுடையப்பன் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வலது காதுக்குப் பின்னால் எலும்போடு எலும்பாக ஒரு மின்செவி பதிந்திருந்தது. மனசுக்குள் நினைத்தால் போதும், வீட்டிலுள்ள எந்தச் சாதனமும் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இருபத்தைந்து நிமிடத்துக்கொரு தடவை இந்த ஆஜர் எடுப்பு நடக்கும். தூங்கும் நேரம் தவிர, சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் மனைவி உலகம்மாள் ஏதாவது முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதும் நடக்கும்.

செங்குடி என்ற அந்த ஊர் செவ்வாயின் மண்ணுக்கு அடியில், குளிர்ந்துபோன எரிமலைக் குழாய் ஒன்றுக்குள் இருந்தது. அங்கே மூச்சுக்காற்று, தண்ணீர், உடம்புச் சூடு எல்லாமே மின்சாரத்திலிருந்து வந்தவை. வீட்டுக்கு நாளொன்றுக்கு இருபது யூனிட் அளந்து கொடுத்தார்கள். ஒரு விருந்தாளி வந்தால் அவர் மூச்சுக்கும் சூட்டுக்கும் மூன்று யூனிட் வேண்டும். ஆகவே, தொடர்ந்து பத்து நாள் தினம் மூன்று யூனிட் மிச்சம் பிடித்துக் காட்டிய வீட்டுக்குத்தான் விருந்தாளியை அழைக்க அனுமதி. இதற்கு 'விருந்து மிச்சம்' என்று பெயர்.

ஆவுடையப்பனுக்கு விருந்து மிச்சம் வேண்டியிருந்தது. அவருடைய ஒரே மகள் செண்பகம், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வெண்குடியில், புகுந்த வீட்டில் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துச் சனங்கள் செவ்வாய்க்குக் குடிவந்து நூற்றுப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. கடல் மறந்துபோயிற்று, மழை மறந்துபோயிற்று, கருவாடுகூட மறந்துபோயிற்று. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. எட்டாம் மாதம் முடிந்துவிட்டால் பிள்ளைத்தாய்ச்சியைக் குழாய்வண்டியில் ஏற்றமாட்டார்கள். அதற்கு இன்னும் பன்னிரண்டே நாள் இருந்தது.

வழக்கமாக அவர்கள் வீட்டுச் செலவு பதினெட்டு யூனிட். ஒரு யூனிட்டைக் குறைத்தால் மகள் வந்துவிடுவாள். இது என்ன பெரிய காரியம் என்றுதான் ஆவுடையப்பன் போன மாதம் மின்செவியைப் பொருத்திக்கொண்டு களத்தில் இறங்கினார். இட்லி வாரத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. வெந்நீர் வெதுவெதுப்பாயிற்று. உலகம்மாள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடமாடினாள். ஆனால் அளவுமானி பதினெட்டிலிருந்து பத்தொன்பதுக்குப் போயிற்று. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அது பத்தொன்பதரைக்குப் போயிற்று.

"எவனோ திருடுதான்" என்றார் ஆவுடையப்பன்.

"நம்ம வீட்டு மின்சாரத்த எவன் திருடப் போறான்? அவனவனுக்கு அவனவன் வீட்டுல இருக்கு" என்றாள் உலகம்மாள். "எம் பிள்ள வந்து சேரணும், அவ்வளவுதான் எனக்கு. அளவக்காரங்கள கூப்பிட்டுக் காட்டுங்க."

மறுநாள் அளவைத் துறையிலிருந்து அளவையர் நாச்சியார் வந்தாள். நாற்பது வயது இருக்கும். வாயில் ஏலக்காய், தோளில் ஒரு பை. பை நிறைய வளையங்கள். ஒரு சாதனத்தின் கழுத்தில் ஒரு வளையத்தை மாட்டினால், அது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதை வளையம் துல்லியமாகச் சொல்லிவிடும். சாதனம் உறங்கினால் நீலம், விழித்தால் சிவப்பு. நாற்பத்தாறுக்கும் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புழுதித் துடைப்பான் மட்டும், "என்மேல் சந்தேகமா?" என்று கேட்டு முரண்டு பிடித்தது.

"கிரைண்டர நல்லாப் பாருங்கம்மா. அது முழியே சரியில்ல" என்றார் ஆவுடையப்பன்.

"பாக்கலாம் அண்ணாச்சி. எல்லாத்தயும் தூங்கச் சொல்லுங்க."

சொன்னார். நாற்பத்தாறு வளையங்களும் நீலமாயின. நாச்சியார் கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். உலகம்மாள் கொடுத்த தேநீரைக் குடித்தாள். அரைத்துயிலில் கிடந்த சாதனங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கொசு குடிக்கும் அளவுகூடக் குடிக்கவில்லை.

"சுத்தமா இருக்கு வீடு. இதுல எங்க போகுது பத்தொம்பதர?" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை. நாற்பத்தாறு வளையங்களும் ஒரே நேரத்தில் குப்பென்று சிவந்தன. வீடே கல்யாண மண்டபம்போல் ஆயிற்று. கிரைண்டர் கால் சுற்றுச் சுற்றி நின்றது. துவைப்பான் வயிற்றைக் குலுக்கியது. இட்லிக் கொப்பரை சூடேறித் தணிந்தது. பிறகு ஒவ்வொன்றாக நீலத்துக்குத் திரும்பின.

நாச்சியார் தேநீரைக் கீழே வைத்தாள். ஆவுடையப்பன் மோட்டு வளையைப் பார்த்தபடி சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, இப்ப என்ன செஞ்சீய?"

"நான் ஒண்ணுஞ் செய்யலயே. சும்மாதான இருக்கேன்."

"மனசுக்குள்ள?"

"மனசுக்குள்ளயா? எல்லாம் அணைஞ்சிருக்கான்னு ஒரு வார்த்த கேட்டேன். வழக்கமாக் கேக்குறதுதான்."

நாச்சியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அளவையர்கள் பணி நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று விதி இருந்ததால் இரண்டு ஏலக்காயை ஒன்றாகக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"தூங்குதவன எழுப்பி, ஏ, தூங்கிட்டியான்னு கேட்டா அவன் என்ன செய்வான் அண்ணாச்சி? எந்திரிச்சு உக்காந்து, ஆமா தூங்கிட்டேன்னு சொல்லிட்டு, திரும்பப் படுக்கணும்லா?"

பொய்யுரையாமைச் சட்டப்படி எந்தச் சாதனமும் தன்னைச் சோதித்துப் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது. 'அணைந்திருக்கிறேன்' என்று சொல்வதற்காக அது முழுதாக விழித்து, மோட்டாரை அசைத்து, கம்பிகளைத் தடவிப் பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறக்கும். ஒரு பதிலுக்கு ஆகும் செலவு துளிதான். ஆனால் நாற்பத்தாறு சாதனம், நாளைக்கு நாற்பது ஆஜர். நாச்சியார் பெருக்கிக் காட்டினாள். ஏறக்குறைய மூன்றே முக்கால் யூனிட்.

"ஒங்க பொண்ணு மூச்சு விடுறதுக்கு மூணு போதும்" என்று எழுந்தாள். "நீங்க கேக்குறத நிறுத்துங்க, பிள்ள வந்திரும்."

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. உலகம்மாள் இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றி அவர் மடியில் போட்டாள். நாற்பது வருட இல்லறத்தில் அவர் வாங்கிய ஆகப் பெரிய வசவு அதுதான்.

நிறுத்துவது என்று ஆவுடையப்பன் முடிவெடுத்தார். மின்செவி எலும்பில் வேர்விட்டுவிட்டதால் அதைக் கழற்ற மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் என்ன, மனசைக் கட்டினால் தீர்ந்தது. முதல் நாள் கட்டினார். அளவுமானி பதினாறுக்கு இறங்கியது. உலகம்மாள் பாயசம் வைத்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் வரை கட்டினார். ஒரு மணி வாக்கில் அவருக்கு ஒரு ஐயம் எழுந்தது. நாம் கேட்காமல் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கிரைண்டர் ஏதாவது செய்துவிட்டால்? கிரைண்டரிடம் மட்டும் கேட்டார். அது அணைந்திருந்தது. அப்படியானால் மற்றதெல்லாம்? அன்று மாலைக்குள் அறுபது ஆஜர் எடுத்துவிட்டார். பத்து நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. வண்டிக்கோ எட்டே நாள் இருந்தது.

அவர் நிஜமாகவே அழுதார். "எம் மவ வரணும்னுதான உலகு இவ்வளவும் செஞ்சேன்?"

"தெரியும்" என்றாள் உலகம்மாள். அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "ஆள்மாத்து விதின்னு ஒண்ணு இருக்காம். வீட்டுல இருக்குத ஒருத்தரு வெளியூரு போனா, அவரு எடத்துக்கு இன்னொருத்தரு அன்னைக்கே வந்துக்கிடலாம், எந்த மிச்சமும் காட்ட வேண்டாம். நீங்க சம்பந்தி வீட்டுக்குப் போங்க. அவ இங்க வரட்டும்."

"பேரப்பிள்ள பொறக்கும்போது நான் இங்க இருக்க வேண்டாமா?"

"இருந்தா அது வெண்குடியிலல்லா பொறக்கும்."

மறுநாள் காலை ஆவுடையப்பன் குழாய்வண்டியில் ஏறினார். பாதி வழியில் இரண்டு வண்டிகளும் கடக்கும் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தது. செண்பகம் பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர் வண்டியின் சாளரத்தில் நின்றாள். "ஏன்பா நீங்க போறீய?" என்று ஒலிபெருக்கியில் கேட்டாள். "ஒன் மாமனாருக்கு ஒரு தொணைக்குடா" என்றார். கண்ணாடிமேல் கையை வைத்தார். அவளும் வைத்தாள். வண்டி புறப்பட்டுவிட்டது.

சம்பந்தி கொம்பையா தங்கமான மனிதர். மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருந்ததால் வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். ஐம்பத்தொரு சாதனம் வைத்திருந்தார், ஒன்றையும் அதட்டியதில்லை. ஆவுடையப்பன் அந்த வீட்டில் கால் வைத்த முதல் நாளே தம் மின்செவியை அவற்றோடு இணைத்துக்கொண்டார். நாச்சியார் சொன்னது அவர் புத்திக்கு எட்டியிருந்தது, மனசுக்கு எட்டவில்லை. மூன்றே முக்கால் யூனிட் ஒரு மனிதன் நினைப்பதால் செலவாகுமா என்ன, சேச்சே! தன் முதுகு தனக்குத் தெரியுமா?

வீட்டுச் செலவு ஏறியது. கொம்பையா கவலைப்படவில்லை. "நீங்க இருக்கப் போயி இந்த மட்டுக்கு நிக்கி. இல்லன்னா என்ன ஆயிருக்குமோ!" என்றார். இரண்டாம் வாரம் அவரும் ஒரு மின்செவி பொருத்திக்கொண்டார். சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடப்பார்கள். ஒருவர் கேட்டு முடித்ததும் மற்றவர் கேட்பார். ஐம்பத்தொரு சாதனமும் உறங்க நேரமில்லாமல் நாள் முழுக்க 'உறங்குகிறேன்' என்று உறுதிமொழி கொடுத்துக்கொண்டிருந்தன. அளவைத் துறையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு அவர்கள் பத்து நிமிடத்துக்கொரு தடவை கேட்கத் தொடங்கினார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் பத்து மணிக்குச் செங்குடியிலிருந்து அழைப்பு வந்தது. சுவரில் உலகம்மாளின் முகம் தெரிந்தது. அவள் கையில் ஒரு துணிப் பொட்டலம். பொட்டலத்துக்குள் ஒரு சிவந்த முகம், யார்மேலோ கோபமாகக் கத்திக்கொண்டிருந்தது.

"பொம்பளப் பிள்ள" என்றாள் உலகம்மாள். "தாயும் பிள்ளையும் சுகம். பாருங்க, ஒங்க மூக்கு."

ஆவுடையப்பன் எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்து விளக்கைப் போட்டார். அது போதவில்லை. சமையலறை விளக்கைப் போட்டார். ஓடிப்போய்ப் படுக்கையறை, குளியலறை, காற்றறை என்று ஒரு விளக்கு விடாமல் போட்டார். பேத்தி பிறந்த வீடு, எரியட்டும்! கிரைண்டரைத் தட்டி எழுப்பி, "ஏ, தாத்தா ஆயிட்டேன்லே!" என்றார். காலியாக இருந்த கிரைண்டர் மகிழ்ச்சியோடு கடகடவென்று சுற்றியது. இசைப்பெட்டி பாடியது. கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சம்பந்தி, வீணாப் போவுது சம்பந்தி!" என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பின்னால் ஓடினார். அவர் அணைக்க அணைக்க இவர் போட்டார். நாலாவது சுற்றில் கொம்பையாவுக்கு மூச்சு வாங்கியது. ஓட்டத்தை நிறுத்தி யோசித்தார். தமக்கும்தானே பேத்தி! அவரும் சேர்ந்து போட ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். சர்க்கரை, பாயசம், மறுபடி பாயசம். அன்று முழுவதும் எதுவும் அணையவில்லை.

மறுநாள் காலை இருவரும் குற்றவாளிகளைப்போல் அளவுமானி முன்னால் போய் நின்றார்கள். ஐம்பது யூனிட்டாவது இருக்கும் என்று கொம்பையா பயந்தார். ஆவுடையப்பன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

முந்தின நாளைவிட மூன்று யூனிட் குறைந்திருந்தது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று காலை பத்து மணியிலிருந்து தாங்கள் ஒரு சாதனத்தையும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது இருவருக்குமே நினைவுக்கு வந்தது. ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தார். கொம்பையாவும் யோசித்தார்.

"அளவுமானி கெட்டுப்போச்சு" என்றார் ஆவுடையப்பன்.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் கொம்பையா.

இருவரும் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கண்ணை மூடி, ஐம்பத்திரண்டாவது சாதனமாக அளவுமானியையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, "நீ ஒழுங்காத்தான் அளக்கியா?" என்று விசாரணையைத் தொடங்கினார்கள்.