அணையாத பச்சை

சிட்லபாக்கத்தில் பியூலாவின் அலுவலகத்துக்குள் ஜெர்சன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தான். மென்பொருள் கோளாறுகளின் காரணத்தைத் துப்புத் துலக்குவது பியூலாவின் தொழில். அவளுடன் வேலை பார்க்கும் எபிக்கோ, யாரையாவது குற்றவாளி என்று கைகாட்டினால்தான் சாப்பிட்டது செரிக்கும்.

“மேடம், ஸ்கூல் வேனுக்கு நான் ஒரு ஆப் எழுதியிருக்கேன். காலைல சேலையூர்ல பிளஸ்ஸின்னு ஒரு குழந்தையை ரோட்லயே விட்டுட்டு வேன் போயிடுச்சு. நல்லவேளை, ஒரு கடைக்காரர் வீட்ல கொண்டுபோய் விட்டார். தப்பு ஆயா கங்கம்மா மேலதான். சாயந்திரம் அவங்களை வேலையை விட்டு நிறுத்தப் போறாங்க. ஆப் சரியாத்தான் இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்.”

குழந்தை ஏறினால் ஆயா தன் போனில் டிக் போடுவாள், இறங்கினால் எடுத்துவிடுவாள். எல்லோருக்கும் டிக் விழுந்தால் டிரைவர் சாலமன் முன்னாலுள்ள திரையில் பச்சை எரியும். உடனே அவர் வண்டியை எடுத்துவிடுவார்.

மூவரும் சேலையூர் போனார்கள். அங்கே நிறுத்தியிருந்த வேனில் சாய்ந்து நின்ற கங்கம்மா அழுது ஓய்ந்திருந்தாள்.

“அந்தப் புள்ளதான் கடைசியா ஏறுச்சு. டிக் போட்டேன். பொறந்த நாளாச்சே, கலர் டிரஸ் போடாம யூனிபார்ம்ல வந்துட்டேன்னு திரும்ப வூட்டுக்கு ஓடுச்சு. ஒடனே டிக்கை எட்துட்டேன். பின்னாடி ஒரு புள்ள வாந்தி எட்துச்சு, அத்தப் பாத்துகினு இருந்தேன். வண்டி கெளம்பினதே தெரீல.”

“எடுத்திருந்தா பச்சை எப்படி எரியும்?” என்றான் ஜெர்சன். “மாட்டினப்புறம்தான் எடுத்திருக்காங்க. எப்போ எடுத்தாங்கன்னு ஆப்ல பதிவாகாது. வசதியாப் போச்சு.”

பியூலா கங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு எல்லோருடனும் பிளஸ்ஸியின் வீட்டுக்கு நடந்தாள். தாய் சுஜிக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. “அவ ஓடி வர்றப்பவே கவுனோட கேட்ல நின்னேன் மேடம். மாத்திவிட்டு அனுப்பினேன். அதுக்குள்ள வேன் போயிடுச்சு.”

“வரப்போறான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போன்ல மெசேஜ் வந்துச்சே, பிளஸ்ஸி இறங்கிட்டான்னு. கவுனுக்குத்தான் வருவான்னு புரிஞ்சுடுச்சு.”

“அது எப்போ போகும், ஜெர்சன்?”

“டிக்கை எடுத்தவுடனே,” என்றான். குரல் இறங்கிவிட்டது.

“அப்போ சாலமன்தான் பச்சை எரியாமலே எடுத்துட்டார்!” என்று எபி குதித்தான்.

“கடைசிக் குழந்தைக்கு டிக் விழுந்ததுமே பச்சை எரிஞ்சிருக்கும் எபி. கங்கம்மா, இதுக்கு முன்னாடி யாரும் ஏறிட்டு இறங்கினதில்லையா?”

“முன்னாடி ஸ்டாப்புலல்லாம் தெனம் நடக்கும்மா. கடைசி ஸ்டாப்புல இதான் மொத தபா.”

“முன் ஸ்டாப்ல எல்லாரும் ஏறியிருக்க மாட்டாங்க, பச்சையே வந்திருக்காது. இன்னிக்குப் பச்சை வந்தப்புறம் ஒரு குழந்தை இறங்கியிருக்கா. டிக் போச்சு, பச்சை போகல. ஜெர்சன், பச்சையைத் தனியா சேமிச்சு வச்சிருக்கீங்களா?”

“ஆமா மேடம். ஒவ்வொரு தடவையும் எல்லா டிக்கையும் பார்த்தா ஸ்லோ ஆகும்னு...”

“ஒரு வேன் குழந்தைங்களைப் பார்க்கவா ஸ்லோ ஆகும்? நிஜத்துல நடக்கிறது டிக் போடுறதும் எடுக்கிறதும் மட்டும்தான். பச்சைங்கிறது அதிலிருந்து கிடைக்கிற பதில். கேட்கிறப்பல்லாம் புதுசா கணக்குப் போட்டா தப்பே வராது. எடுத்து வச்சீங்க, பழசாயிடுச்சு. டிக்கை எடுக்கிற இடத்தில பச்சையை அணைக்க மறந்துட்டீங்க.”

ஜெர்சன் அங்கேயே வேன் முதலாளிக்குப் போன் போட்டு, தவறு தன்னுடையதுதான் என்றான். பிறகு கங்கம்மாவிடம் மன்னிப்புக் கேட்டான்.

“என்னாண்ட இன்னாத்துக்கு கேக்கறே?” என்றாள் கங்கம்மா. “பொறந்த நாளும் அதுவுமா அந்தப் புள்ள நடுரோட்ல நின்னு அழுதுகீது. அதாண்ட போய்க் கேளு.”