சிவப்புக் கோட்டைத் தாண்டிய முள்

காலையிலேயே பயிற்சி அறைக்குப் போய்விட்டோம். மருந்து வாடை, அப்போதுதான் துடைத்த தரை, சக்கர நாற்காலிகளின் கிறீச். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

என் கணவரின் வலது கால் கார் விபத்தில் உடைந்து, சீழ் பிடித்து, தொடைவரை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டைப் பொருத்தி, நுனியை மட்டும் தோலுக்கு வெளியே விட்டிருந்தார்கள். எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொண்டால் செயற்கைக் காலை மாட்டலாம். அதுவரை தினமும் பயிற்சி. முக்காலி மேல் எடைக்கருவியை வைத்து, தண்டின் நுனியால் அதைப் பதமாக அழுத்த வேண்டும்.

பயிற்சி கொடுக்கும் பெண் எடைக்கருவியின் கண்ணாடியில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தாள்.

"முள்ளு இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது சார். எலும்பு விரிசல் விட்டுச்சுன்னா அப்புறம் கால் மாட்டவே முடியாது."

அவர் அழுத்தினார். முள் கோட்டுக்குக் கீழேயே நின்றது. அவள் பேச்சுக் கொடுத்தாள்.

"ஆக்சிடென்ட் எப்படி சார் ஆச்சு?"

"மச்சினன்தான் ஓட்டினான். குடிச்சிருந்தான். அங்கேயே போயிட்டான்."

முள் கோட்டைத் தாண்டியது.

"அழுத்தாதீங்க சார்!"

"நான் அழுத்தலம்மா..."

உண்மைதான். இரண்டு கைகளாலும் பக்கவாட்டுக் கம்பிகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

கருவி கோளாறு என்று அவள் வேறொன்றைக் கொடுத்தாள். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. என் தம்பி சோடாவுக்கே மூக்கைச் சுளிப்பவன். ஸ்டியரிங் முன்னால் கிடந்தான் என்று போலீஸ் சொன்னதால் வாயை மூடிக்கொண்டேன். சொந்தபந்தமெல்லாம் செத்தவனைக் கரித்துக் கொட்டியது.

அவன் எலும்புகளைத் தானம் செய்யக் கையெழுத்துப் போட்டவள் நான். யாருக்குப் போகும் என்று சொல்ல மாட்டார்கள். கணவருக்குத் தண்டு பொருத்திய ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர், "எலும்பு பத்தலம்மா, எலும்பு வங்கியில இருந்து எடுத்து வச்சிருக்கோம்" என்றபோது நான் போட்ட அந்தக் கையெழுத்துதான் நினைவுக்கு வந்தது. சேச்சே, மனப்பிராந்தி என்று ஒதுக்கியிருந்தேன்.

அந்தப் புதுக் கருவியிலும் சிவப்பு நாடா ஒட்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், படுக்கையறையில் முக்காலியைப் போட்டேன். கட்டிலைப் பிடித்தபடி அவர் தண்டை அதன் மேல் ஊன்றினார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. வண்டிய யாரு ஓட்டினது?"

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லுங்க."

"உன் தம்பிதான்."

முள் துள்ளியது. கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது.

அவர் காலைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. தொடைக்குள் ஏதோ நெரிகிற சத்தம் எனக்கே கேட்டது.

"மிதிக்கிறான்டி..."

"யாரு?"

"நான்தான் ஓட்டினேன்! நான்தான் குடிச்சிருந்தேன்! உடைஞ்ச காலோடவே அவனை இழுத்து என் சீட்ல போட்டேன்!"

முள் விழுந்தது. கால் விடுபட்டு அவர் கட்டிலில் சரிந்தார். அந்த மனிதரைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. என் தம்பி குற்றவாளி இல்லை.

கருவியை எடுத்து வைக்கக் குனிந்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

"நீங்க இழுத்துப் போட்டப்போ..." நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "அவனுக்கு உயிர் இல்லதானே?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லடி. அந்த நிமிஷமே போயிட்டான்."

எடைக்கருவியின் மேல் எதுவும் இல்லை.

முள் மெல்ல எழுந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டியது. அதன்பின் இறங்கவே இல்லை.