மருதாணி வைத்த கிணறு

அப்துல் ரஹீம், ஊர்க் கிணறுகளில் போடும் கிருமி மருந்து வாளியை இறக்கிவைத்தார். மலைக்கோட்டையைச் சுற்றி ஆறு தெரு நடந்தாயிற்று. ஒரு கிணற்றிலும் மருந்து விழவில்லை.

“இன்னிக்கும் விரட்டிட்டாங்களா அத்தா?” என்றாள் மகள் கமருன்னிசா.

“மருந்து போட்டா தண்ணி செவக்குதில்ல? கிணறு ரத்தம் கக்குதுன்னு யாரோ கதை கட்டிவிட்டாங்க. நம்ம தெருவும் வேண்டாம்னா, ஊர் முழுக்க மருந்தையே நிறுத்திடுவாங்களாம். சுகாதாரக் கமிட்டி முடிவு.”

அடுத்த தெருவில் மூன்று வீடுகளில் வாந்திபேதி.

சுகாதாரக் கமிட்டித் தலைவர் நேற்றுதான் குதிரைவண்டியில் வந்து, கிருமிகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். கடைசிவரை நின்று கேட்டவை இரண்டு ஆடுகள். அவையும் மேடைத் தோரணத்தைத் தின்று முடிந்ததும் போய்விட்டன.

கமருன்னிசா அத்தாவோடு தெருக் கிணற்றுக்குப் போனாள். அதே தெருவில் குடியிருக்கும் பாக்கியமேரி குடத்தோடு குறுக்கே நின்றாள்.

“பாய், கிட்ட வராதீங்க! ரத்தத் தண்ணியை யார் குடிப்பா?”

கமருன்னிசா பெருநாளுக்குச் சிவந்த உள்ளங்கையை விரித்தாள். “அக்கா, இது ரத்தமா?”

“போடி, மருதாணி.”

“கிணத்துக்கும் அதுதான் ஆசை. ‘எல்லாரும் என் தண்ணியில மருதாணி அரைக்கிறீங்க, எனக்கு யாராவது வச்சீங்களா?’ன்னு ஒரே அழுகை. அதான் அத்தா கொண்டுவந்திருக்காங்க. மருதாணி வச்ச கையை உடனே கழுவுவோமா? அதுமாதிரி, விடியற வரைக்கும் வாளி இறக்கக் கூடாது. காலையில தெளிஞ்சிடும்.”

பாக்கியமேரி சிரித்துவிட்டாள். “இது கதைடி!”

“கதைதான் அக்கா. வாந்திபேதி நிஜம்.”

பாக்கியமேரியின் சிரிப்பு நின்றது. அவள் குடத்தை நகர்த்திக்கொண்டாள். “சரி, வைங்க பாய். கோணல்மாணலா வைக்காதீங்க.”

விடிந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. தெருவே மொண்டு குடித்தது. மருந்தைத் தொடரலாம் என்று கமிட்டி முடிவு செய்தது.

கதை தலைவர் காதுக்கும் எட்டியது. மறுவாரமே அச்சடித்த நோட்டீஸ் வந்தது: ‘நமது தலைவரவர்கள் திருவாய் மலர்ந்தருளிய கூப மருதோன்றி அலங்கார விளக்கம்.’

அப்துல் ரஹீம் இரண்டு முறை படித்தார். மகள் சொன்ன கிணற்று மருதாணிக் கதைதான் அது என்று புரியவில்லை. “இன்னும் நாப்பது கிணறு பாக்கிம்மா,” என்று பெருமூச்சு விட்டுக் காலை நீட்டினார். “நீயே வந்து அந்தக் கதையைச் சொல்லிடேன்.”

“சொல்றேன். முதல்ல கொஞ்சம் ஓய்வெடுங்க அத்தா.”

நோட்டீஸை நான்காய் மடித்து அவருக்கு விசிறினாள். கெட்டிக் காகிதம். நல்ல காற்று வந்தது.