கோட்டளவு தண்ணீர்

நர்ஸ் உட்காரவே இல்லை. கார் இன்சூரன்ஸ் சர்வேயரின் அலுவலகத்தில் கதவுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்துகொண்டே பொரிந்து தள்ளினாள்.

"என் தம்பிதான் மேடம் செய்யறான்! தினமும் காலையில ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருக்கு. ரொப்பிட்டுப் போறேன், மறுநாள் மறுபடி குறையுது. நேத்து பிரசவ கேஸ், அவசரத்துல பாக்காம கிளம்பிட்டேன். நடுரோட்டுல இன்ஜின் கொதிச்சு நின்னுடுச்சு. தண்ணி ஊத்தி ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவந்ததோட சரி, இன்னைக்கு அதைத் தொடவே இல்லை. கார் கேட்டான், தரலை. அந்தக் கோபம். இன்னைக்கே வீட்டை விட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

"கண்ணால பாத்தீங்களா?" என்றார் சர்வேயர். விபத்துக் கார்களைத் துருவியே பழகிய அம்மாள், அவசரப்படவே மாட்டார்.

"வேற யாரு? வீட்டுல நான், அவன், என் வீட்டுக்காரர். அவ்வளவுதான்."

சர்வேயரோடு வேலை செய்யும் வக்கீலும் கூட இருந்தார். அவருக்குக் கை துறுதுறுத்தது. தம்பி மேல் குற்றப்பத்திரிகை அவர் மனத்தில் அப்போதே பாதி தயார்.

மூவரும் நர்ஸின் வீட்டுக்குப் போனபோது தம்பி பையும் கையுமாக வாசற்படியில் இருந்தான். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் டீ ஊற்றினார். ஒரு கோப்பையில் கொஞ்சம் கூடிவிட்டது. அதை ஸ்பூனால் எடுத்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நீட்டினார். வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது.

வாசலில் கார் நிறுத்தியிருந்த இடத்தில் தரை காய்ந்து கிடந்தது. "சொட்டு ஈரம் இல்லை மேடம். ஒழுகலை. திருட்டேதான்!" என்று வக்கீல் குதித்தார்.

சர்வேயர் பானெட்டைத் தூக்கினார். இன்ஜின் நன்றாக ஆறியிருந்தது. ரேடியேட்டரின் மேல் குழாய் கன்னம் ஒட்டியதுபோல ஒடுங்கியிருந்தது. பக்கத்தில், உபரித் தண்ணீர் சேரும் பாட்டிலில் தண்ணீர் அளவுக்கான மேல்கோட்டில் கச்சிதமாக நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனது, குழாய் மறுபடி உப்பியது. மூடியின் அடிப்புறத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்.

"சூடானா தண்ணி விரிஞ்சு பாட்டிலுக்குப் போகும். ஆறினதும் மூடியில இருக்கிற சின்ன வால்வு வழியா ரேடியேட்டருக்கே திரும்பணும். அந்த வால்வு துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. திரும்பி வர வழியில்லை, அதான் குழாய் ஒடுங்கியிருக்கு."

"அப்போ பாட்டில் வழிஞ்சிருக்கணுமே?" என்றார் வக்கீல்.

"ஆமா. ஆனா கோட்டைத் தாண்டலை. யாரோ தினமும் அளவு பாத்து இறக்கியிருக்காங்க. ஒரு ஸ்பூன் டீ கூடினாலே தாங்காத ஒருத்தர்."

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். "கோட்டுக்கு மேல இருந்தது. விடிகாலையில சிரிஞ்சால எடுத்து வாஷ்பேசின்ல ஊத்திடுவேன். நல்லதுன்னு நினைச்சுத்தான்..."

"பழி தம்பி மேல விழுந்தப்போ ஏன் வாயைத் திறக்கலை?" என்றார் சர்வேயர்.

அவர் தரையைப் பார்த்தார். "அவன் வீட்டை விட்டுப் போனாப் போகட்டும்னு இருந்துட்டேன்."

வக்கீலுக்கு வெட்கமாக இருந்தது. அவரும் அந்தப் பையன் முகத்தைப் பார்க்காமலேயே தீர்ப்பு எழுதியவர்தானே.

"தம்பி, பையை உள்ளே வை," என்றாள் நர்ஸ்.

"தண்ணி எங்க போச்சுன்னு ஊரைக் கூட்டி விசாரிச்சியேக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் இறங்கி நடந்தான். செருப்புகூடப் போடாமல் நர்ஸ் பின்னாலேயே ஓடினாள். "தம்பி, தம்பி" என்று அவள் கூப்பிடுவது தெருமுனை வரை கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தானா என்று எட்டிப் பார்க்க வக்கீலுக்குத் தைரியம் வரவில்லை.