பிரேக்கில் இருந்த கால்

சிறுமி பட்டாணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த அப்பாவுக்கோ சுத்தமாகக் கொள்ளவில்லை.

அப்பா பேருந்து ஓட்டுநர். வலது காலில் ஆணி குத்திய புண் ஒரு மாதமாக ஆறவில்லை. மூன்று மருந்து மாற்றியும் கிருமி மசியவில்லை. "புது மருந்தும் கேக்கலைன்னா ரெண்டு விரலை எடுக்க வேண்டி வரும்" என்று மருத்துவர் அம்மாவிடம் சொன்னது பட்டாணியின் காதில் விழுந்துவிட்டது.

அந்தப் புது மருந்தைத்தான் செவிலியர் இப்போது புண்ணில் தடவிக்கொண்டிருந்தார்.

"இது நானோ களிம்பு. இதுல இருக்கிற துகள் கண்ணுக்கே தெரியாது. உன் தலைமுடித் தடிமனை ஆயிரமாப் பிரிச்சா, அதுல ஒரு பங்கு. அது போய்க் கிருமியோட தோலையே ஓட்டை போட்டுடும்."

"அப்ப கிருமி பஞ்சரா?"

"பஞ்சரேதான்! ஆனா நாலு மணி நேரம் கால் அசையக் கூடாது. அசைஞ்சா மருந்து வழிஞ்சுடும்."

அம்மா வேலைக்குப் போய்விட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றார் அப்பா.

"நான் தரேன்."

"சன்னலைச் சாத்திட்டு வரேன்."

"நான் சாத்தறேன்."

"சும்மா ஒரு நடை..."

"அப்பா!"

அப்பாவின் கட்டைவிரல் ஆடத் தொடங்கியது. பட்டாணி அதையே பார்த்தாள். வண்டியில் மட்டும் எட்டு மணி நேரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்காருகிறாரே!

சட்டென்று சாப்பாட்டுத் தட்டை எடுத்து அப்பாவின் கையில் திணித்தாள்.

"ஸ்டியரிங்கைப் பிடிங்க. வண்டி மேம்பாலத்து ஏத்தத்துல நிக்குது. முன்னாடி நெரிசல். பிரேக்ல இருந்து காலை எடுத்தீங்க, பின்னாடி உருண்டுடும்!"

அப்பா சிரித்தார். "வண்டியில ஆளே இல்லையே?"

"மார்க்கெட் ஒண்ணு!" என்று கை தூக்கினார் பக்கத்துக் கட்டில் தையல்காரர்.

"எனக்குச் சன்னலோரம்!" என்றார் எதிர்க்கட்டில் நோயாளிக்குத் துணையிருந்த அக்கா.

அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. கட்டைவிரல் நின்றது.

"டிரைவர், எப்பதான் கிளம்பும்?" என்றார் அக்கா.

"பொறுங்கம்மா! அத்தனை பேர் உயிரும் என் கால்ல இருக்கு!"

நெரிசல் நான்கு மணி நேரம் நீடித்தது.

மூன்றாம் நாள் காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்தார்கள். பட்டாணி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"வீக்கம் வடிஞ்சிருக்கு. விரலை எடுக்க வேண்டாம்" என்றார் மருத்துவர். "இனிமே மெதுவா வாசல் வரைக்கும்..."

அவர் முடிப்பதற்குள் அப்பா பாதி தூரம் போயிருந்தார். பட்டாணி அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.